காரணம் கேட்கும் உரிமை

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது பாவூர்சத்திரம். இன்று அந்த ஊரை அதன் காய்கறிச் சந்தையைக் கொண்டே பலரும் அறிவார்கள். ஆனால் பெயரின் பின்பாதி வேறொரு காலத்தைச் சொல்கிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கனுக்கு நிழலும் சோறும் கொடுத்த இடம். வந்தவனிடம் மனுக் கேட்கவில்லை, வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை, இலை போட்டார்கள். பெரிய தர்மந்தான். ஆனால் சோறு தீர்ந்து கதவைச் சாத்திவிட்டால், வெளியே நின்றவன் யாரிடம் போய் வழக்காடுவான்? தர்மத்துக்கு அப்பீல் கிடையாது.

தமிழ்நாட்டில் 2006ஆம் வருஷத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கென்று ஓர் உதவித்தொகைத் திட்டம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். பதிவைத் தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எல்லாம் பொருந்தினால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு 300 ரூபாய், மூன்று வருஷம் வரை. பட்டதாரிக்கு நாளொன்றுக்கு இருபது ரூபாய் ஆகிறது. இதைக் கொண்டு யாரும் சோம்பேறியாகிவிட முடியாது. சோம்பலுக்கே இதைவிட அதிகம் செலவாகும்!

பாவூர்சத்திரத்துப் பக்கம் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பன் சந்தையில் மூட்டை தூக்குகிறான்; தாய் பீடி சுற்றுகிறாள்; மகன் பி.காம். தேறிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மனு எழுதும் மகனைப் பார்த்துத் தகப்பன், "படிச்சுப்போட்டு சர்க்கார்கிட்டப் போயி கையேந்துதியாலே?" என்கிறான். "கையேந்தலப்பா, எழுதிக் கேக்கேன்" என்கிறான் பையன். மனு திரும்பி வருகிறது. அதில் ஒரே ஒரு வார்த்தை: தள்ளுபடி. "விடு ராசா, நம்ம தலையெழுத்து" என்கிறாள் தாய்.

இந்த மூவரில் யார் சொல்வது சரி?

தகப்பனின் கூச்சத்தை நாம் இகழ முடியாது. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரம் வைத்து, அதை அடுத்தே இரவச்சம் என்று இன்னோர் அதிகாரமும் வைத்திருக்கிறார். அந்த அச்சம் மானத்தின் பிள்ளை. ஆனால் இங்கே நடப்பது இரத்தல்தானா? நம் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, வேலையின்மைக் காலத்தில் பொது உதவி கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது, அரசின் சக்திக்கு உட்பட்டு. 37ஆம் பிரிவோ அதைக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது என்கிறது. ஆகவே இது முழு உரிமையும் அல்ல, பிச்சையும் அல்ல. ஆனால் அரசாங்கம் விதி வகுத்து, இன்னாருக்கு இவ்வளவு என்று அறிவித்தபின், அந்த விதிக்குள் வருகிறவன் யாருடைய தயவையும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைத்தான் கேட்கிறான்.

பொய் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஊர்ப் பணத்தைக் காவல் காக்கும் குமாஸ்தா சந்தேகப்படுவதில் தவறில்லை; இல்லை என்பதும் குற்றமல்ல. ஏன் இல்லை என்று சொல்லாததுதான் குற்றம். தாயின் பீடிக் கூலியைக் கூட்டியதில் பிழையா, பதிவு ஒரு மாதம் விட்டுப்போயிற்றா என்று தெரியாதவன் எதை எதிர்த்துப் பேசுவான்? காரணமில்லாத மறுப்பு, சாத்திய சத்திரக் கதவுதான். 1970ஆம் வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது உதவியை நிறுத்துமுன் அதைப் பெறுகிறவனை அழைத்துக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம்முடைய 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேலதிகாரியிடம் முறையிடலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுக்கலாம்.

அதற்கு ஒரு நாள் போகும். பஸ் காசு போகும். இருபது ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா என்று கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தத் தாய் தலையெழுத்து என்றது பிரமன் எழுதியதை அல்ல. ஒரு மேஜையில், ஒரு பேனாவால் எழுதியதை. அதைத் தலையெழுத்தென்று ஒப்புக்கொண்டால், அடுத்த மனுவிலும் அதே வார்த்தைதான் விழும்.

கேட்கிறவனுக்கும் ஒரு கடன் உண்டு; தன் கணக்கை ஒளிக்காமல் வைக்க வேண்டும். அப்படி வைத்தபின் தோற்றாலும் பாதகமில்லை. குடும்ப வருமானம் ஆயிரம் ரூபாய் மிஞ்சிவிட்டது என்று எழுத்தில் வந்தால், பையனுக்குப் பணம் கிடைக்காது, பதில் கிடைத்துவிடும். பதில் பெறுகிறவன் பிச்சைக்காரன் அல்ல என்பது அன்றைக்கு அவன் தகப்பனுக்கும் விளங்கும்.