நன்மைக்குச் சொன்ன பொய்

நன்மை கருதிச் சொன்ன பொய் அறத்துக்குள் அடங்குமா என்ற கேள்வியை ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'பன்ஷுன்' (1949) படம் ஒரு கல்யாணப் பேச்சை வைத்து எழுப்புகிறது. காமகுராவில் மனைவியை இழந்த பேராசிரியர் சோமியாவும் 27 வயது மகள் நோரிகோவும் வாழ்கிறார்கள். அப்பாவைத் தனியே விட்டுப்போக மகளுக்கு மனமில்லை. ஆகவே தானும் மறுமணம் செய்துகொள்ளப்போவதாக அவர் அவளை நம்பவைக்கிறார். கசப்போடு அவள் சம்மதிக்கிறாள். மாப்பிள்ளை கடைசிவரை தலைகாட்டுவதே இல்லை.

ஓசு மணமாகாதவர்; தாயுடனேயே வாழ்ந்தவர்.   

திருக்குறளின் வாய்மை அதிகாரம் இத்தகைய பொய்க்கு இடம் தருகிறது. ஆனால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். படத்தில், கல்யாணத்துக்கு முன் இருவரும் போய்த் தங்கும் கியோத்தோ விடுதியில் நோரிகோ, அப்பா மறுமணம் செய்தாலும் அவருடன் இருந்தாலே போதும் என்கிறாள். பொய் அங்கே தோற்றுப்போகிறது. அதன்பின் சோமியா மனம்விட்டுப் பேசுகிறார்: கல்யாணத்தன்றே மகிழ்ச்சி வந்துவிடாது, இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து அதை உண்டாக்க வேண்டும், உன் அம்மாவும் தொடக்கத்தில் அடுக்களையில் அழுதவள்தான். மகளை அசைத்தது இந்த உண்மைப் பேச்சே. இருந்தும் பொய்யை அவர் திரும்பப் பெறவில்லை. பெற்றிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். மகளுக்கு எது நன்மை என்பதை அவர் ஒருவரே முடிவுகட்டிவிட்டார் என்பதுதான் அவர்மேல் வைக்கத்தக்க குற்றம். தனிமையை அவரே ஏற்றதால் அந்தக் குற்றம் நீங்கிவிடாது. குறள் பலனைப் பார்க்கச் சொல்கிறது. ஓசுவோ நோரிகோவின் இல்லறத்தைக் காட்டாமலே படத்தை முடித்துவிடுகிறார்.

மலேசியாவில், பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, மகளை அனுப்பிவைக்கும் இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் மகளைக் கரையேற்றிவிட நினைக்கும் தகப்பனிடம் பாசத்தோடு கூரை பற்றிய பயமும் இருக்கும். சோமியாவுக்கு அந்தப் பயம் இல்லை. அதனால்தான் அவருடைய பொய்யில் தன்னலம் கலக்கவில்லை என்று நம்ப முடிகிறது. லயத்துத் தகப்பன் அதே பொய்யைச் சொன்னால் எடைபோடுவது கடினம்: மகள் போனபின் மகன் வீட்டில் ஒண்டிக்கொள்ளும் வசதி அவருக்கும் கிடைத்துவிடுகிறது.