முதலில் முறியும் பல்

பெரியதொரு பொருள் இயங்காமல் நின்றுவிட்டால், காரணத்தைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் ஒரு சிறு பொருளிடம் போய்ச் சேர்கின்றனர். அது உடைந்து கிடப்பதைக் கண்டதும், 'இதுவே குற்றவாளி' என்று தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். உடைந்தது எது என்பது ஒரு வினா. உடைத்தது எது என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை கண்டவுடன் இரண்டாம் வினாவை மறந்துவிடுவது மனித இயல்பு. இவ்வியல்பு எந்திரத்தைப் பழுது பார்ப்பதிலும் தலைகாட்டுகிறது. மனிதரை எடைபோடுவதிலும் தலைகாட்டுகிறது. இதனை ஆராய்வதற்கு மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது, மோட்டார் காரின் இருக்கைக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம்.

மின்விசையால் நகரும் இருக்கைகள் அமெரிக்க நாட்டுக் கார்களிலும் ஜெர்மானியக் கார்களிலும் நெடுங்காலமாக உள்ளவை. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1979இல் வெளியிட்ட எஸ் வகுப்புக் காரில், இருக்கையை நகர்த்தும் விசை கதவிலே, இருக்கையின் வடிவத்திலேயே அமைக்கப்பட்டிருந்தது. முதுகுப் பகுதியைச் சாய்க்க வேண்டுமாயின் விசையின் முதுகைச் சாய்த்தால் போதும். கருவிகளின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன், இவ்வகை விசையைப் பாராட்டியுள்ளார். அவ்விசை தான் செய்யப்போவதை ஒளிவின்றிக் காட்டுகிறது என்பதே அதன் சிறப்பு. கண்ணுக்குத் தெரியும் பகுதி இவ்வளவு தெளிவாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத பகுதியில் நடப்பது என்ன?

விசையைத் தொட்டதும் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறிய மோட்டார் ஒன்று சுழல்கிறது. அதன் சுழற்சி மிக வேகமானது. ஆனால் வலுக் குறைந்தது. திருகுப் புரி வெட்டிய எஃகுத் தண்டு ஒன்று, அச்சுழற்சியைப் பற்சக்கரம் ஒன்றின் மீது செலுத்துகிறது. தண்டு பலமுறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். இவ்வாறு வேகம் குறைந்து வலு கூடுகிறது. அந்த வலு நீண்ட திருகாணி ஒன்றைத் திருப்ப, அமர்ந்திருக்கும் மனிதரோடு இருக்கை முழுவதும் மெல்ல நகர்கிறது. இத்தனை பாரமும் ஒரு நேரத்தில் தாங்கி நிற்பது அச்சக்கரத்தின் ஓரிரு பற்களின் மீதுதான். பல வண்டிகளில் அச்சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது.

ஆண்டுகள் பல கடந்தபின் அப்பற்கள் தேய்கின்றன; சிலவேளை நொறுங்கிப் போகின்றன. மோட்டார் சுழலும் ஓசை கேட்கும்; இருக்கை அசையாது. இருபுறத்துத் தடங்களுக்கும் தனித்தனிச் சக்கரம் உள்ள வண்டிகளில், ஒருபுறம் நகர, மறுபுறம் நின்றுவிட, இருக்கை கோணலாகித் திருகி நிற்கும். உரிமையாளர் உதிரிப் பாகம் கேட்டுச் சென்றால், 'அச்சக்கரம் தனியாகக் கிடைக்காது; மோட்டாரோடு சேர்ந்த முழுத் தொகுதியையும் வாங்க வேண்டும்' என்ற விடை பல வேளைகளில் கிடைக்கிறது. கைப்பிடிக்குள் அடங்கும் பொருளுக்காகப் பெருந்தொகை கேட்கப்படுகிறது. இந்நிலையில்தான் சிறு பட்டறைகள் முன்வந்தன. அதே அளவில், அதே எண்ணிக்கைப் பற்களோடு, பித்தளையிலோ அலுமினியத்திலோ எஃகிலோ சக்கரம் கடைந்து விற்கின்றன. 'இனி இது முறியாது' என்பது அவர்கள் தரும் உறுதிமொழி.

இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலில் பிளாஸ்டிக் வைத்தவர் நம்மை ஏமாற்றினாரா? இப்போது உலோகம் வைப்பவர் நமக்கு நன்மைதான் செய்கிறாரா?

முதல் வினாவுக்கு அவசரப்பட்டு ஆம் என்று கூறுவது நீதியாகாது. டூபாண்ட் நிறுவனம் நைலானை 1938இல் உலகுக்கு அறிவித்தது. அதனினும் உறுதியான அசிட்டால் என்னும் பிளாஸ்டிக்கை 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பற்சக்கரம் செய்வதற்கு இவற்றில் உண்மையான சிறப்புகள் உள்ளன. எடை குறைவு, ஓசை குறைவு, துரு ஏறாது, கிரீஸ் சற்றுக் குறைந்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடும், அச்சில் வார்த்து மலிவாகச் செய்யலாம். ஆயினும், வெயிலில் நின்று கொதிக்கும் காருக்குள் பல்லாண்டு கிடக்கும்போது பிளாஸ்டிக் முதுமை எய்துகிறது. நொறுங்கும் தன்மை அடைகிறது. தடங்களில் இட்ட கிரீஸும் காய்ந்து, பிசின்போல் இறுகுகிறது. பாரம் ஏறுகிறது; தாங்கும் பல்லோ தளர்கிறது. முறிவு அந்த இடத்தில் நிகழ்கிறது.

பொறியியல் அறிந்தோர் மற்றொன்றையும் கூறுவர். எந்திரத்தில் ஏதாவது ஒரு பாகம் மற்றவற்றைவிட முதலில் விட்டுக்கொடுக்குமாறு அமைப்பது பழமையான முறை. வீட்டு மின்கம்பிகள் எரிந்துவிடாமல் காக்க, பியூஸ் தான் உருகிப்போகிறது. பிளாஸ்டிக் என்ற பெயரே பிறவாத காலத்திலும், எஃகுத் திருகுத் தண்டுக்கு இணையாக வெண்கலச் சக்கரத்தையே வல்லுநர் தேர்ந்தெடுத்தனர். வெண்கலம் எஃகைவிட மென்மையானது. உராய்வு குறைவதோடு, தேய்மானம் வருமாயின் சக்கரத்துக்கே வரட்டும், தண்டு பிழைக்கட்டும் என்பதும் அதன் நோக்கம். ஆகவே பலவீனம் என்பதே குற்றமென்றால், பியூஸும் குற்றவாளியே. வெண்கலச் சக்கரமும் குற்றவாளியே. அவ்வாறு எவரும் கூறார்.

அப்படியானால் எந்தப் பலவீனம் நேர்மையானது? அது எதனைக் காக்கிறது என்று கேட்க வேண்டும். அது முறிந்தால் தனியே மாற்ற இயலுமா என்று கேட்க வேண்டும். முறியும் என்பதை விற்றவர் அறிந்திருந்தும் மறைத்தாரா என்றும் கேட்க வேண்டும். பியூஸ் இம்மூன்றிலும் தேறிவிடுகிறது. வீட்டைக் காக்கிறது, மிகச் சிறிய விலைக்கு மாற்றலாம், அது உருகும் என்பது யாவரும் அறிந்த செய்தி. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1924இல் மின்விளக்கு உற்பத்தியாளர்கள் பலர் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' என்ற பெயரில் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி, குமிழ் விளக்குகளின் ஆயுள் 1,000 மணி நேரமே என்று தமக்குள் முடிவு செய்தனர். அதை மீறி நீண்ட நேரம் எரியும் விளக்குகளைச் செய்தவர்களுக்கு அபராதமும் விதித்தனர். ஒளி கூடினால் ஆயுள் குறையும் என்று அவர்கள் தரப்பில் வாதம் உண்டு. ஆனால் வாங்கும் மக்களுக்கு அத்தேர்வு அளிக்கப்படவில்லை என்பதே அறத்தின் முன் நிற்கும் குறை.

இருக்கையின் பற்சக்கரம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அது விட்டுக்கொடுப்பதால் மோட்டார் தப்புகிறது என்பது உண்மையானால், அப்பலவீனம் போற்றத்தக்கது. ஆனால் சக்கரம் முறிந்தபின் மோட்டாரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமென்றால், அச்சக்கரம் யாரைக் காத்தது? காக்கப்பட்ட மோட்டாரையே குப்பையில் எறியச் சொல்வது, பியூஸ் உருகியதற்காக வீட்டையே மாற்றச் சொல்வதை ஒக்கும். பிளாஸ்டிக் வைத்ததில் குற்றம் இல்லை. அதனைத் தனியே தர மறுப்பதில்தான் குற்றம் பிறக்கிறது.

கொடுக்கல் வாங்கல் பாடம் ஓதியோர் 'ஐபு' என்னும் சொல்லை அறிவர். விற்கப்படும் பொருளில் உள்ள குறை அது. அக்குறை விற்பனைக்கு முன்பே இருந்து, பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. எனினும் எல்லாக் குறையும் ஐபு ஆகிவிடாது. அவ்வினப் பொருளில் பெரும்பாலும் காணப்படாத குறையாக அது இருத்தல் வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வரையறுக்கின்றன. முதுமையில் பல் விழுந்திருப்பது ஐபு ஆகாது. இளமையில் பல் இல்லாதிருப்பது ஐபு என்று அவை விளக்குகின்றன. எவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டு! பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய காரின் பற்சக்கரம் தேய்ந்திருப்பது முதுமையில் விழுந்த பல்லே. அதற்காக முதலில் செய்தவரை மோசடிக்காரர் என்பது மிகை. ஆனால் அந்தப் பழைய காரை இன்று விற்பவர், ஒருபுறத்துப் பல் நொறுங்கியதை அறிந்துகொண்டே, இருக்கையைச் சரியான இடத்தில் நிறுத்திவைத்து, விசையைத் தொடவிடாமல் விற்பாராயின், அது வேறு கதை. ஈரத்தானியத்தை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பிய கடைக்காரரை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட நிகழ்ச்சி நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், வெளிப்படையான குறையோடு மறைவான குறையையும் விற்பவர் எடுத்துரைக்க வேண்டும் என்று தம் இஹ்யாவில் வற்புறுத்துகிறார்கள். இருக்கையின் அடிப்புறமும் அந்தத் தானியக் குவியலின் அடிப்புறமும் ஒன்றே.

இக்காலச் சட்டங்களும் மெல்ல இவ்வழிக்கு வருகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கார்களைப் பழுது பார்க்கத் தேவையான செய்திகளை உற்பத்தியாளர்கள் உரிமையாளர்களுக்கும் வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் ஆக்கினர். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை ஃபிரான்ஸ் நாடு 2015இல் குற்றமாக்கியது. அதற்கு இரண்டாண்டுச் சிறையும் 300,000 யூரோ அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளித்தது.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். உலோகச் சக்கரம் வைப்பவர் செய்வது நன்மைதானா?

நன்மையாகலாம், ஆனால் பல் முறியாது என்பதனாலேயே அது நன்மையாகிவிடாது. எந்திரத்துக்குள் பாரம் மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. தடங்களில் கிரீஸ் இறுகிக் கிடக்கிறது, ஏதோவொரு நாணயமோ பேனாவோ இடுக்கில் சிக்கியிருக்கிறது, திருகாணி வளைந்திருக்கிறது. இவற்றை நோக்காமல், முறிந்த பல்லுக்குப் பதிலாக முறியாத பல்லை மட்டும் வைத்தால் என்ன நிகழும்? முன்பு விட்டுக்கொடுத்த இடம் இப்போது விட்டுக்கொடுக்காது. அடுத்துள்ள மென்மையான இடம் எதுவோ அது முறியும். சுழற்சியைக் கொண்டுசெல்லும் கம்பித் தண்டு முறுக்கி அறுபடலாம், மோட்டார் கருகலாம். பின்னிருக்கையில் உள்ள குழந்தையின் கால் இடையில் அகப்பட்டாலோ, பல் இளகி நின்றிருக்கக்கூடிய இடத்தில் உலோகம் இளகாது. மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் காப்பு மோட்டாரில் இருந்தால் அதுதான் காக்க வேண்டும்.

எனவே நேர்மையான மெக்கானிக் முதலில் உடைத்தது எது என்று தேடுகிறார். பழைய கிரீஸை வழித்துக் களைந்து, தடத்தைத் துடைத்து, புதிய கிரீஸ் இட்டு, இருக்கை கையாலேயே இலகுவாக நகர்கிறதா என்று பார்க்கிறார். எஃகுத் தண்டோடு எஃகுச் சக்கரத்தை மோதவிடாமல், பித்தளையோ வெண்கலமோ பொருந்துமா என்று எண்ணுகிறார். ஒருபுறம் புதியது, மறுபுறம் பழையது என்று விட்டுவைக்காமல் இருபுறமும் நோக்குகிறார். மோட்டாரின் காப்பைச் சோதிக்கிறார். இறுதியில், 'உலோகம் வைத்திருக்கிறேன். சற்று ஓசை கூடும். இருக்கை எங்காவது தடைபட்டால் விசையை அழுத்திக்கொண்டே இராதீர்கள்' என்று உரிமையாளரிடம் சொல்லியும் அனுப்புகிறார். இச்சொல் இல்லாத பழுதுபார்ப்பு, பாதிப் பழுதுபார்ப்பே.

'உலோகம் என்றால் நிலைக்கும், பிளாஸ்டிக் என்றால் அழியும்' என்று கூறுவோருக்கு ஒரு சான்று உண்மையில் உண்டு. இஸ்ஃபஹான் நகரத்து முஹம்மத் இப்னு அபீபக்ர் என்னும் கைவினைஞர், ஹிஜ்ரி 618இல், அதாவது 1221-22இல், பித்தளையால் செய்த அஸ்தர்லாப் ஒன்று இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உள்ளே பற்சக்கரங்கள் பல கோக்கப்பட்டு, சூரிய சந்திரரின் நிலைகளைக் காட்டுகின்றன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1206இல், அல்ஜஸரீ அவர்கள் தியார்பக்ர் அரசவையில் இருந்து எழுதிய எந்திர நூலிலும் பற்சக்கர அமைப்புகள் விரிவாக விளக்கப்பட்டுள்ளன. அஸ்தர்லாபின் பற்கள் எண்ணூறு ஆண்டுகள் நிலைத்தமைக்குப் பித்தளை மட்டுமே காரணமா? அவற்றின் மீது எவரும் அமரவில்லை. விரலால் மெல்லத் திருப்பும் பாரமே அவற்றுக்கு இடப்பட்டது. பொருளின் உறுதியும் பாரத்தின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. மேலும், செய்தவர் அதன்மீது தம் பெயரைப் பொறித்தார். பெயர் பொறிப்பது பெருமைக்காக மட்டும் அன்று; 'இதற்கு நான் பொறுப்பு' என்ற வாக்குமூலமும் ஆகும். இருக்கைக்கு அடியில் மறையும் சக்கரத்தில் எவர் பெயரும் இராது. ஆகவே அங்கே பெயரின் இடத்தை வாய்ச்சொல்லே நிரப்ப வேண்டும்.

இப்பற்சக்கரத்தின் பாடம் காரோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு கடையில், ஒரு பள்ளியில், ஒரு குடும்பத்தில் யாரோ ஒருவர் முதலில் தளர்ந்து விழுகிறார். அவர் பெரும்பாலும் அங்குள்ள அனைவரிலும் சிறியவர். எல்லாருடைய சுழற்சியும் எல்லாருடைய பாரமும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர். 'இவர் பலவீனர், இவரிடத்தில் உறுதியானவரை வையுங்கள்' என்று தீர்ப்பு வருகிறது. உறுதியானவர் வருகிறார். காய்ந்த தடம் காய்ந்தபடியே கிடக்கிறது. சில காலம் கழித்து முறிவு வேறோர் இடத்தில் நிகழ்கிறது. அப்போதும் முறிந்தவரையே குறை கூறுகிறோம்.

உறுதியான பல்லைத் தேடுவது தவறாகாது. அதற்கு முன், பாரம் எங்கிருந்து வருகிறது, தடம் ஏன் இறுகியது, விட்டுக்கொடுத்த பல் இதுவரை எதனைக் காத்து நின்றது என்று கேட்பது கடமை. முதலில் முறிந்த பல், பல வேளைகளில், முதலில் உண்மை சொன்ன பல்லாகவும் இருக்கும்.