பூனைக்குட்டியும் என் தொடையும்

முட்டி அறுவை சிகிச்சை முடிந்து 12ஆம் நாள். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "முட்டியை அழுத்து" என்று என் தொடைக்கு நானே உத்தரவு போட்டேன். ஒரு சிறு துடிப்புகூட இல்லை. ஈஜோக் திடலில் பந்து உதைத்த கால், வேறு யாருடைய காலோ மாதிரி கிடந்தது.

புஞ்சாக் ஆலாம் யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழக வளாகத்தில் படித்த பிசியோ பெண் விளக்கினாள். தசை சாகவில்லையாம். முட்டிக்குள் நீர் கோத்திருக்கும்வரை, அங்கிருந்து வரும் சேதியைக் கேட்டு முதுகுத்தண்டு தொடைக்குப் போகும் கட்டளையை அடக்கிவிடுமாம். பிறகு சில்லென்ற வில்லைகள் இரண்டை ஒட்டினாள்: தொடைமேல் ஒன்று, முட்டிச்சில்லுக்கு மேலே உள்பக்கம் ஒன்று. 10 விநாடி மின்சாரம், 50 விநாடி ஓய்வு. முதலில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் சதை முறுக்கிக்கொள்ள, சில்லு மேலே ஏறியது. கால் என்னுடையதுதான்; ஏற்றியது நானில்லை.

"பூனைக்குட்டிடா நீ" என்றார் அப்பா. செம்பனைக் குலை வெட்டியவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தோட்டத்து பஜனை மடத்தில் கதை சொன்னவர். குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விப் போகும். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் வழியில், வருகிற பெருமாள் அருளை விலக்காமல் இருந்தாலே போதும். வேதாந்த தேசிகர் வழிக்குக் குரங்குக்குட்டி: தாயைத் தானும் பற்ற வேண்டும், ஒரு சாக்குக்காவது. வியாஜம் என்பார்கள்.

எனக்குப் பூனைதான் பிடித்தது. (சோம்பேறிக்குத் தோதான சித்தாந்தம் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும்.) இரண்டு நாள் கைப்பேசியைப் பார்த்தபடியே விலக்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் பிசியோ பெண் பார்த்துவிட்டாள். "அங்கிள், ஜாங்ஙான் துங்கு மெசின்." மெசினுக்குக் காத்திருக்காதீர்கள், அது இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து இழுங்கள். மின்சாரம் தனியாக இழுத்தால் வில்லைக்குக் கிட்டே இருக்கும் அதே நார்களையே திரும்பத் திரும்ப எழுப்பிக் களைக்கவைக்கும். நாமாக இறுக்கும்போது சின்ன நார்கள் முதலில் எழும், பெரியவை பிறகு.

சேர்ந்து இழுத்தேன். எவ்வளவு மெசின், எவ்வளவு நான் என்று பிரிக்க முடியவில்லை. குரங்குக்குட்டிக்காவது பற்றுவதற்குக் கை இருக்கிறது. எனக்கோ பற்றும் பலத்தையே தாய்தான் கொடுத்துப் பழக்க வேண்டியிருக்கிறது. இது எந்தக் குட்டி?

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "புடிக்கணும்னு உனக்குத் தோணுச்சு பாரு, அதுவே பெருமாள் குடுத்ததுதான்."

"அப்போ இந்த வீக்கத்தைக் குடுத்தது யாரு?"

அப்பா எழுந்துபோய் ஐஸ் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து முட்டியில் வைத்தார். "ஆட்டாம இரு" என்றார்.