அவகாசம்

2020 டிசம்பர் முதல் வாரத்தில் 'புரெவி' புயல் திரிகோணமலைக்கு அருகே இலங்கையில் ஏறி, அதைக் குறுக்காகக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் கரை கடக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லிற்று. அந்த 'இடையில்' என்ற சொல்லுக்குள் உடன்குடியும் அடக்கம். இரண்டு நாட்கள் நான் காட்டிய சுறுசுறுப்பை என் வீட்டார் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அரிசி, பருப்பு, மெழுகுவத்தி வாங்கினேன். தீப்பெட்டிகளைப் பாலிதீன் பையில் சுற்றிவைத்தேன். மாடித் தொட்டியை நிரப்பினேன். கூரைமேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளைகளை வெட்டினேன். ஜன்னலோர அலமாரியிலிருந்த புத்தகங்களையும் பழைய சிறுபத்திரிகைகளையும் இறக்கிக் கட்டிலடியில் அடுக்கினேன். காற்று ஜன்னலை உடைத்தாலும் அங்கே எட்டாது என்று கணக்கு. ஒரு நோட்டில் ஜாபிதா எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தேரிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தாள். புருஷன் பனையேறி, இறந்து வெகுநாளாயிற்று. எங்கள் வீட்டுக்கு வருஷக் கணக்காகக் கருப்பட்டி தருகிறவள். சீசனில் காய்ச்சியதில் கொஞ்சத்தை விலை ஏறும் மாதங்களுக்கென்று வைத்திருப்பாள்.

"எய்யா, நாலு சிப்பம் கெடக்கு. ஈரம் பட்டா இளகிப் போயிரும்லா. ஒங்க வீட்ல ஒரு ஓரமா வச்சிக்கிடுதேன்" என்றாள்.

தாராளமாக வையுங்கள் என்றேன். நானே தூக்கி உள்ளறையில் வைத்தேன். அவள் தன் ஓலை வீட்டுக்குத் திரும்பிப் போனாள். நான் கதவைத் தாழிட்டேன்.

புரெவி கரைக்கு வரவில்லை. பாம்பனை ஒட்டிக் கடலிலேயே வலுவிழந்து, நகராமல் நின்று கரைந்துபோயிற்று. எனக்குள் ஒரு சிறு ஏமாற்றம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தனை ஏற்பாடும் வீணாயிற்றே என்று. சிப்பங்களை எடுத்துப்போக ஆச்சி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கருப்பட்டிக்கு இடம் கொடுத்த நான், 'ராத்திரி நீங்களும் இங்கேயே இருங்கள்' என்று அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அந்த எண்ணமே வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து வருகிறது.

இயற்கை அபாயங்களை நாம் பருமனால் அளக்கிறோம். காற்றுக்கு வேகம், பூகம்பத்துக்கு ரிக்டர், மழைக்குச் சென்டிமீட்டர். நிர்வாகத்துக்கு இந்த அளவைகள் போதும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்கும்போது வேறொரு அளவை தேவைப்படுகிறது. ஒரு அபாயம் நமக்கு எவ்வளவு அவகாசம் தருகிறது என்பதே அது. அவகாசம் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. அவகாசம் நீளும்போது பொறுப்பும் கூடவே நீள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பூகம்பம் அவகாசமே தராதது. அதனால்தான் அதைப் பற்றிய தார்மிக விசாரம் எப்போதும் சம்பவத்துக்குப் பிறகே தொடங்குகிறது. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று காந்தி சொன்னார். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணம்தான் உண்டு என்று தாகூர் மறுத்தார். அந்த மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். வாதத்தில் நான் தாகூர் பக்கம். எனினும் காந்தியின் பிழைக்குள் ஒரு தவிப்பு இருக்கிறது. இத்தனை சாவுக்கு முன்னால் மனிதன் தன் பங்கு எதுவுமில்லை என்று கையைக் கழுவிக்கொள்வதை அவரால் சகிக்க முடியவில்லை. ஆகவே பொறுப்பைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அதைச் சரியான இடத்துக்கு அருகில் வைத்தவர் ருஸோ. 1755-ல் லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தது. அதைப் பற்றி வால்டேர் எழுதிய கவிதைக்கு மறு வருஷம் ருஸோ ஒரு கடிதத்தில் பதில் சொன்னார். ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையல்ல என்பது அதில் அவர் வாதம். முதல் அதிர்ச்சிக்குப் பின்னும் துணிமணியையும் காகிதங்களையும் பணத்தையும் எடுக்கப்போய் உயிர்விட்டவர்களையும் அவர் குறிப்பிடுகிறார். சாமான்களைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டுவிடுவது 1755-க்கு மட்டும் உரிய விஷயமல்ல என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுனாமி இதிலிருந்து சற்று வேறுபட்டது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தபோது இந்திய நேரம் 6.29. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகப்பட்டினத்தில் இறந்தவர்களுக்கு இயற்கை அந்த இரண்டு மணி நேரத்தைத் தந்துதான் இருந்தது. அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007-ல்தான் வந்தது. ஆக, அவகாசம் இயற்கையிடமிருந்து மட்டும் கிடைக்கும் பொருளல்ல. பாதியை மனிதர்கள் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

மறு கோடியில் பஞ்சமும் மணலும். பஞ்சம் மாதக் கணக்கில் அவகாசம் தருகிறது. 1876–78-ன் தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாடு செத்துக்கொண்டிருந்தபோது இந்தியத் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவகாசம் மிக நீண்டுவிட்டால் பொறுப்பு எல்லோர் கையிலும் சிறுசிறு துண்டுகளாகப் பிரிந்து, ஒருவருக்கும் கனக்காமல் போய்விடுகிறது.

எங்கள் ஊர்த் தேரியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குதிரைமொழித் தேரி என்பது மைல் கணக்கில் விரிந்த செம்மணல். ஆடிக் காற்றில் அது இடம் மாறும். வயலையும் பாதையையும் மூடும். இந்த அபாயம் ஆயுளைவிட நீண்ட அவகாசம் தருவது. அதற்கு எதிராகப் பனை நட்டு மணலைக் கட்டினார்கள். பனை பாளை விட ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் ஆகும். நட்டவன் அதில் பதனீர் குடிப்பது நிச்சயமில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜாவில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன, பனைகள் நின்றன. அங்கும் யாரோ, எப்போதோ, தனக்கில்லாத ஒரு நாளுக்கென்று போட்ட விதைகள்தாம் அவை.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் புயல். இந்திய வானிலைத் துறை 1875-ல் தோன்றியதற்கு 1864-ன் கல்கத்தாப் புயலும் அதையடுத்து மழை பொய்த்த வருஷங்களும் காரணம். இன்று புயலுக்கு நான்கு கட்டமாக அறிவிப்பு உண்டு. முதலாவது மூன்று நாட்களுக்கு முன்பே வந்துவிடும். மூன்று நாள் என்பது மனித மனத்துக்கு வாகான அளவு. யோசிக்கப் போதும், மறந்துபோகப் போதாது. 1970-ல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயல் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. 1999-ல் ஒரிஸ்ஸாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதே கரைக்கு 2013-ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரளவில் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். காற்று இரக்கம் கொண்டுவிடவில்லை. நடுவிலிருந்த மூன்று நாட்களை வேறு விதமாகச் செலவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அவகாசம் எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்படுவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிக்கு வங்காள மொழியில் கண் என்று பொருள். அந்தக் கண் திறந்தபோது குமரி மாவட்டத்துப் படகுகளில் பல, நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் ஒலிபரப்பான எச்சரிக்கை அங்கே எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் இருந்தவனுக்கு அது முன்னறிவிப்பு. கடலில் இருந்தவனுக்கு அது பூகம்பம் போலத்தான்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டுகளில் 1 முதல் 10 வரை அபாயத்தின் படிகள். 11-ஆம் எண்ணுக்குப் பொருள் வேறு: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார். பெரும் அபாயத்துக்கும் மேலே, தகவல் அறுந்துபோவதை வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். புரெவி அன்று என் வீட்டுக்கும் ஆச்சியின் குடிசைக்கும் நடுவே அந்தக் கூண்டு ஏறியிருந்தது. அவளுக்குப் புயல் வருவது தெரியும். என் கான்கிரீட் கூரை அவளுக்கும் உரியதா என்பதுதான் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

தயாராதல் என்ற காரியத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அது உலகத்தை என் சுவர்களுக்குள் சுருக்கிவிடுகிறது. முன்யோசனை என்று எல்லோரும் மெச்சும் குணம், எத்தனை தடவை சுயநலத்துக்குப் போட்ட சலவைச் சட்டையாக இருந்திருக்கிறது! அடுத்தது, நாம் பெயருள்ள அபாயத்துக்கே தயாராகிறோம். எங்கள் கரையில் புயல் என்றால் பெரியவர்களுக்கு இன்றும் 1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து போன ரயில் கடலோடு போனதும். அப்போது புயலுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இல்லை. நம் கடல்களில் அது 2004-ல்தான் வந்தது. ஊரின் பெயரே புயலின் பெயராயிற்று. அந்த ஞாபகம்தான் என்னையும் காற்றுக்குத் தயார் செய்தது.

2023 டிசம்பர் 17-ல் வந்ததற்குப் பெயர் இல்லை. குமரிக்கடல் மேல் ஒரு வளிமண்டலச் சுழற்சி. கனமழை அறிவிப்பு இருந்தது. இவ்வளவு என்று சொல்லப்பட்டதா இல்லையா என்று பிறகு வாதம் நடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. எங்கள் மாவட்டத்தின் ஒரு வருஷ மழை ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய எண்ணூறு பயணிகளோடு ரயில் நின்றுபோயிற்று. நான் எதுவும் செய்திருக்கவில்லை. புயல் இல்லையே! தெருத் தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வந்தது. மூன்று வருஷமாகக் கட்டிலடியிலேயே கிடந்த பத்திரிகைகள் முதலில் நனைந்தன. காற்றிலிருந்து காப்பாற்றியவற்றைத் தண்ணீரிடம் ஒப்படைத்திருந்தேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆச்சி முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள். அவள் குடிசை தேரி மேட்டில். செம்மணல் பெய்த மழையையெல்லாம் குடித்துவிட்டது. "மேட்டுக்கு வந்துருங்கய்யா. பிள்ளையளையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். போனோம். கூரை ஒரு மூலையில் ஒழுகியது; மற்ற இடம் காய்ந்திருந்தது. கருப்பட்டிக் காப்பி தந்தாள்.

இதை நீதிக்கதையாக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த மழையில் மேடும் பள்ளமும் மாறி அமையலாம். தீங்குக்கு நன்மை செய்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு இருந்ததாகவும் தெரியவில்லை. காப்பி குடிக்கும்போது, "புயல் அன்னைக்கு ஒங்களையும் வீட்டுல இருக்கச் சொல்லியிருக்கணும் ஆச்சி" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லியிருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன்யா. ஆடு கெடக்குல்லா" என்றாள்.

இந்தப் பதில் என்னை விடுவிக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். விடுவிக்கவில்லை. அவள் மறுத்திருப்பாள் என்பது அவள் விஷயம். கேட்காமல் விட்டது என் விஷயம். அவகாசம் இருந்தது, அந்த அவகாசத்தில் முருங்கைக் கிளைக்கும் மெழுகுவத்திக்கும் நேரம் இருந்தது.

எல்லோரையும் கூப்பிட முடியுமா என்று கேட்கலாம். என் வீட்டில் பத்துப் பேர் படுக்கலாம். தேரியோரம் எத்தனையோ குடிசைகள். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஜாபிதா எழுத உட்காரும்போது இந்தக் கேள்விதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும் என்று படுகிறது. 2020-ன் நோட்டு இன்னும் இருக்கிறது, மேஜை மேல் இருந்ததால் தப்பியது. அதில் இருபத்திரண்டு இனங்கள், எல்லாம் அடித்திருக்கின்றன. ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை.