சான்றிதழ் தொடங்கும் இடம்

திருப்பூரில் பின்னலாடை வெட்டும் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணிக்குக் 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர். ஒரு பனியனுக்கான வடிவங்களை வெட்டி எடுத்த பிறகு கைக்குழி, கழுத்து வளைவு, ஓரம் என்று எஞ்சுவது துணியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும். மூட்டை மூட்டையாக அது குடோன்களுக்குப் போகிறது. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து அதை நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். பிரித்த துணியை முள் உருளைகள் கொண்ட இயந்திரங்கள் கிழித்து மறுபடி பஞ்சாக்குகின்றன. அந்தப் பஞ்சை ஓ.இ. மில் என்று ஊரில் சொல்லப்படும் ஓப்பன் எண்ட் நூற்பாலைகள் நூலாக்குகின்றன. நூல் மீண்டும் பின்னல் இயந்திரத்துக்கு வந்து ஆடையாகிறது. ஆடையின் கழுத்துப் பட்டையில் 'மறுசுழற்சி நூல்' என்ற சொல் ஏறுகிறது. வாங்குபவரின் மனம் கொஞ்சம் லேசாகிறது.

அந்த லேசான மனத்தைக் கேலி செய்வது எளிது. அதற்கு நான் தயாரில்லை. பருத்தித் துணிக்குச் சாயமேற்றத் தண்ணீரும் உப்பும் ஏராளமாக வேண்டும். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை அதன் பிறகே கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. கிணறு கெட்டுப்போன ஊர்களில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடந்தவர்கள் யார் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுசுழற்சி நூலில் பெரும்பகுதிக்குப் புதிதாகச் சாயமேற்ற வேண்டாம். கறுப்புத் துண்டு கறுப்பு நூலாகிறது, நீலத் துண்டு நீல நூலாகிறது. புதிய பருத்தி, தண்ணீர், உப்பு எல்லாம் மிச்சம். இந்த நன்மை உண்மையானது.

ஆனால் இந்த நன்மை எந்த இடத்தில் உண்டாகிறது? கிழிக்கும் இயந்திரத்துக்கு நிறம் தெரியாது. கொடுத்ததைக் கிழிக்கும். கறுப்புக் குவியலில் சில சிவப்புத் துண்டுகள் தப்பிப் போனால் நூல் முழுக்கச் சிவப்புப் புள்ளி விழும். பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று தொட்டு அறிய வேண்டும். இழுத்துப் பார்த்து லைக்ரா இருந்தால் ஒதுக்க வேண்டும். பட்டனும் லேபிளும் தையல் பட்டையும் நீக்க வேண்டும். சாயப்பட்டறைக்குப் போகாமல் ஒரு நூல் தன் நிறத்தைப் பெறுகிறது என்றால், அந்த நிறத்தைக் கொடுத்தது பிரிப்பவளின் கண்ணும் விரலும்தான். நிலைத்த உற்பத்தி என்று நாம் பாராட்டுவதன் மையமான வேலை அவளுடையது.

இனி, அந்த நூலின் நேர்மைக்குச் சான்று சொல்லும் ஏற்பாட்டைப் பார்ப்போம். உலக அளவில் அதிகம் கேட்கப்படுவது 'குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு' என்னும் தரச்சான்று. பொருளில் குறைந்தது 20 சதவீதம் மறுசுழற்சி இழை இருந்தால் அதற்குள் வரலாம். ஆடையில் அதன் முத்திரையைப் போட 50 சதவீதம் வேண்டும். ரசாயனம், கழிவுநீர் பற்றி மட்டுமில்லாமல் கூலி, வேலை நேரம், குழந்தை உழைப்பு பற்றியும் அதில் விதிகள் உண்டு. ஒவ்வொரு கட்டமும் சான்று பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டங்களின் வரிசை, பொருளை மறுசுழற்சி செய்யும் ஆலையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் சேகரிக்கும் இடமும் பிரித்துச் சேர்க்கும் இடமும் முழுச் சான்றுக்கு வெளியே நிற்கின்றன. சுய உறுதிமொழி, ஆவணச் சேகரிப்பு, நேரில் சென்று பார்த்தல் ஆகியவை அவற்றுக்குப் போதும். உறுதிமொழியில் உள்ள 'சுயம்' யாருடையது? கையெழுத்துப் போடுபவர் குடோன் முதலாளி. தரையில் உட்கார்ந்திருப்பவள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

உழைப்பை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது நிர்வாகக் கேள்வி போலத் தோன்றும். எனக்கு அது அறக் கேள்வி. மரியா மீஸ் 1982இல் ஆந்திரத்தின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய நூல் இதைத்தான் காட்டியது. உலகச் சந்தைக்காக நாளெல்லாம் பின்னிய பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள். அப்படிக் கருதியதால்தான் கூலியைக் குறைக்க முடிந்தது. துணி பிரிப்பதற்கும் இதே கதி. 'உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே' என்ற ஒரு வாக்கியம் பல ஆண்டுத் தேர்ச்சியைப் பெண்ணின் இயல்பான பொறுமையாக மாற்றிவிடுகிறது. இயல்புக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

தமிழில் இழைக்கும் எழுத்துக்கும் 'நூல்' என்ற ஒரே சொல் இருப்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். நன்னூலின் பாயிரம் இந்த ஒப்புமையை விரித்து, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைக்கிறது. நூற்பவளுக்கு உவமையிலாவது இடம் கிடைத்தது. ஆனால் அந்த உவமையும் பஞ்சிலிருந்தே தொடங்குகிறது. பருத்தியைப் பறித்து, கொட்டை நீக்கி, அடித்துப் பஞ்சாக்கிய கைகள் அதற்குள் வரவில்லை. எண்ணிக்கை எங்கே தொடங்கினாலும் அதற்கு முன்னால் ஒரு பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறாள்.

எண்ணாமல் விடும் இன்னொன்றும் உண்டு. துணியைக் கிழிக்கும்போது இழையின் நீளம் குறைகிறது. அதனால்தான் மறுசுழற்சிப் பஞ்சோடு புதிய பஞ்சையோ பாலியஸ்டரையோ கலக்கிறார்கள். நூலில் நிற்க முடியாத குறு இழைகள் தூசாகப் பறக்கின்றன. பஞ்சுத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது. கழிவு என்று எதுவும் இல்லை, எல்லாம் சுழற்சியில் இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும்போது, இந்தத் தூசு எந்த மூச்சில் போய்ச் சேருகிறது என்ற கணக்கு விடுபடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. மறுசுழற்சி நூலின் பலம் அதன் மலிவு. அந்த நூலில்தான் ஏழை வீடுகளின் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்யப்படுகின்றன. கூலி உயர்ந்து நூல் விலை ஏறினால் இன்னொரு பெண்ணின் கைப்பணத்திலிருந்துதான் அது போகும். குடோன்கள் எல்லாம் சான்று பெற வேண்டும் என்றால் சிறியவை மூடப்படும். பெரிய முதலாளி நிறம் பிரிக்கும் இயந்திரத்தை வாங்குவார். பெண்கள் இருந்த வேலையையும் இழப்பார்கள். இரண்டும் நடக்கக்கூடியவை.

ஆனால் இந்த வாதங்கள் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன. நூல் மலிவாக இருப்பது அவளுடைய கூலி மலிவாக இருப்பதால். அப்படியானால் ஏற்றுமதி ஆடையில் 'மறுசுழற்சி' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை வாங்கும் நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சொல்லைச் சாத்தியமாக்கியவளுக்கு அந்த விலையில் எவ்வளவு போனது? உள்ளூர்த் துண்டின் விலையில் கை வைக்காமலே இதைக் கேட்கலாம். ஆவணம் காட்டும் சுமை சிறு குடோன் மீது விழக்கூடாது. பெயரின் பயனை அனுபவிப்பவரே அதைச் சுமக்க வேண்டும்.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. ஒரு தலித் இளம் தொழிலாளி கொல்லப்பட்டதையடுத்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று 2022இல் ஆடை நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்தது. பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்கும் பொறுப்பு உள்ளூர் ஆலையோடு முடியாமல் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று அதில் எழுத வைத்தார்கள். அந்த ஒப்பந்தம் ஆலைகளோடு நிற்கிறது. குடோன் தரைக்கு அது இன்னும் வரவில்லை.

2012இல் மேக்னா குப்தா எடுத்த 'அன்ராவல்' என்ற ஆவணப்படத்தில், மேலைநாடுகளிலிருந்து பானிப்பட்டுக்கு வரும் பழைய உடைகளைக் கிழிக்கும் பெண்கள், அவற்றை உடுத்தியவர்களைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இவ்வளவு நல்ல துணியை ஏன் எறிகிறார்கள்? துவைக்கத் தண்ணீர் விலை அதிகமாக இருக்குமோ? அவர்கள் ஊகம் தவறாக இருக்கலாம். ஆனால் அந்தத் துணிக்குள் ஒரு மனுஷி இருந்தாள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. மறுசுழற்சி ஆடையை உடுத்தும் நாம் அவர்களைப் பற்றி அந்த அளவுக்காவது யோசித்திருக்கிறோமா?