கள்ளாமையும் கணினியும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போகும்போது கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறும், பேச்சு மாறாது. சித்தூர் தாலுகாவின் இந்த எல்லையோரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசு அச்சிடும் கணினிப் பாடநூலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் வருகிறது. அந்தப் பாடத்தை அவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் படிக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் அங்கே விண்டோஸ். பல வீடுகளில் அது காசு கொடுத்து வாங்காத விண்டோஸ்.

இது திருட்டா? இந்தக் கேள்வியை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு மாமரத்தில் கல்லெறியக் கூடாது என்று பிள்ளையைக் கண்டிக்கும் அப்பாவே, கடைக்காரரிடம் சில நூறு ரூபாய் கொடுத்து "விண்டோஸ் போட்டுக் கொடுங்க" என்கிறார். இரண்டும் ஒரே தராசில் நிற்குமா என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம்.

யோசிக்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை என்ன செய்வது என்று வீடுதோறும் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

உரிமம் வாங்காமல் விண்டோஸ் போடும்போது நடப்பதைக் கவனித்தால் ஒன்று புரியும். திரையின் வலது மூலையில் மங்கலாக, உரிமத்தை உறுதிசெய்யச் சொல்லும் எழுத்து நிற்கும். அதைப் போக்க ஒரு சிறு நிரலை ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட நிரல்களில் பல, முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாத ஒன்றுக்காக வீட்டின் காவலை எடுத்துவிட்டு, பிறகு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் லேசானதல்ல. மாங்காயைப் பறித்தால் மரத்துக்காரனுக்கு ஒன்று குறையும். நிரலைப் படியெடுத்தால் யாருக்கும் எதுவும் குறையாது. கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்று கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இது சட்டென்று நியாயமாகப் படும். மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினிக்காகத் தாங்கள் உருவாக்கிய பேசிக் மொழியைப் பெரும்பாலோர் திருடித்தான் பயன்படுத்துகிறார்கள், கூலி கிடைக்காத வேலையை யார் செய்வார்கள் என்பது அவர் கேள்வி. உழைத்தவனின் கேள்வி அது, தள்ளிவிட முடியாது.

திருக்குறளில் கள்ளாமை 29-ஆவது அதிகாரம். வள்ளுவர் அதை இல்லறத்தில் வைக்காமல் துறவறவியலில் வைத்திருக்கிறார். ஏன் என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார்: இல்வாழ்வான் தன் சுற்றத்தாரிடம் விளையாட்டாக ஏமாற்றி ஒரு பொருளை எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை, துறவிக்கோ அப்படி நினைப்பதே பெரிய இழுக்கு. உரையாசிரியர் இங்கே குடும்பஸ்தனுக்குக் கொஞ்சம் இடம் விடுகிறார். அந்த இடத்துக்கு அவர் போடும் வேலி உறவு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் மட்டுமே அந்தச் சலுகை செல்லும். மைக்ரோசாப்டின் உரிம ஒப்பந்தமோ கொடுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவும் இதே வித்தியாசத்தைத் தொட்டுச் செல்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால், தக்க காரணம் காட்டி நீதிமன்றம் சிறையை விலக்கி, 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்கலாம். வீட்டுக்காரருக்குச் சட்டம் தண்டனையைக் குறைக்கிறது. குற்றமே இல்லை என்று சொல்லவில்லை.

பகிர்வதை அறமாகக் கருதியவர்களும் நம்மிடம் உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ராமாநுஜர் பதினெட்டு முறை நடந்து ரகசிய மந்திரோபதேசம் பெற்றார். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, கோயில் கோபுரத்தில் ஏறி ஊருக்கே அறிவித்தார் என்பது வைணவ மரபில் பலரும் சொல்லும் வரலாறு. பைரசிக்கு இது நியாயம் ஆகுமா? ஆகாது. ராமாநுஜர் ஒளித்துச் செய்யவில்லை. தான் நரகம் போனாலும் கேட்டவர்கள் கரையேறட்டும் என்று குருவின் முகத்துக்கு நேரே சொன்னார். தனக்கு மட்டும் இலவசமாகக் கிடைத்தால் போதும் என்பவர் அந்தக் கோபுரத்தைக் காட்டிப் பேச முடியாது.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேறொரு வழியில் போனார். பிறர் பூட்டியதை உடைக்கப் போகாமல் 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். பூட்டே இல்லாத இயங்குதளத்தைப் புதிதாக எழுதுவது அதன் நோக்கம். 1989-இல் வந்த ஜிபிஎல் உரிமம், படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று முன்பின் தெரியாதவருக்கும் அனுமதி தந்தது. பெற்றவரும் அதே அனுமதியைப் பிறருக்குத் தர வேண்டும் என்றது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே இந்த உரிமத்துக்குள் வந்தது. பரிமேலழகர் சுற்றத்தாருக்குள் நிறுத்திய சலுகையை இந்த உரிமம் உலகத்துக்கே விரித்துவிட்டது. கேட்ஸின் கேள்விக்கும் காலம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது: இன்று லினக்ஸ் கருநிரலை எழுதுபவர்களில் பெரும் பகுதியினர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள்.

கேரளம் இதைப் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டியது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் இப்படி யாரும் படியெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்குப் படிப்படியாக மாறியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. 2019-இல் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் பதிப்பைத் தழுவி வந்த இயங்குதளத்தால் உரிமச் செலவில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பும் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு கேரளத்து அளவுக்கு அங்கே வேர்விடவில்லை.

விண்டோஸ் உரிமம் வாங்க வசதி இருப்பவர் வாங்கட்டும். அதில் ஒரு குறையும் இல்லை. கணக்கெழுதும் டேலி போல விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவருக்கு அதுவே வழி. மற்ற வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முக்கியமான கோப்புகளை வெளித் தட்டில் பிரதியெடுத்துக்கொண்டு, 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ ஏற்றி, கணினி எழும்போது எஃப்12 போன்ற பூட் விசையை அழுத்தினால், வன்தட்டில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் நிறுவிக்கொள்ளலாம், தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் சந்தேகம் கேட்க வெளியே போக வேண்டாம். எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.