நிற்கும் இடம்

அனுமந்தையில் ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமானால் திண்டிவனம் போக வேண்டும்; அல்லது 1879-ல் விழுப்புரத்திலிருந்து போட்ட பாதை முடிகிற புதுச்சேரிக்கு. மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகில் போயிற்று. கால்வாயின் தென்கோடி இங்கேதான். இப்போது லாரி. ஆகவே ஒரு ஜப்பானிய ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை, ஒரு பஸ் விஷயம் தவிர.

ஹொக்கைடோ தீவில் பள்ளிக்கூடம் போகும் ஒரே ஒரு பெண்ணுக்காக ஒரு நிலையத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்று 2016 ஜனவரியில் ஒரு கதை உலகமெல்லாம் சுற்றியது. கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். பிறகு, அது பாதிக் கதை என்று தெரிந்தது. பெண் இருந்தாள், அவள் ஏறிய கியூ-சிரதாகியில் ரயிலும் நின்றது. ஆனால் அதே ரயிலில் வேறு மாணவர்களும் போனார்கள். பக்கத்து நிலையங்கள் இரண்டோடு சேர்த்து, மார்ச் 26-ல், கால அட்டவணை மாறும்போது அதை மூடினார்கள். அவள் படிப்பு முடிந்ததும் அந்த மாதம்தான்.

தெரிந்தவுடன் என் நெகிழ்ச்சி வற்றிவிட்டது. இது எனக்கே விசித்திரமாகப் பட்டது. ரயில் நின்றது என்னவோ நிஜம். யாரும் இரங்கி நிறுத்தவில்லை, அட்டவணையில் இருந்ததால் நின்றது, அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். எனக்குத்தான் நடுவில் ஒரு கருணாமூர்த்தி தேவைப்பட்டான். ஆனால் அட்டவணையை நியாயத்தின் உருவமாகக் கொண்டாடவும் முடியவில்லை. அவளை அறியாமல் நின்ற அதே விதி, அவளை அறியாமலே நிலையத்தையும் எடுத்துவிட்டது.

சென்ற சித்திரையில் மரக்காணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். உப்பளத்தோரம் மூன்று பெண்கள் கை நீட்டினார்கள். ஸ்டாப்பிங் இல்லாத இடம். டிரைவர் வேகத்தைக் குறைத்தார், என்ன நினைத்தாரோ, மறுபடி அழுத்திவிட்டார். என் பக்கத்து இருக்கை காலி. சேறு காய்ந்த கால்களோடு ஒருத்தி வந்து உட்கார மாட்டாள் என்று எனக்குள் ஓர் ஆசுவாசம். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிரைவராவது தயங்கினார்.

பிறகு அங்கே ஒரு நிறுத்தம் கேட்டு மனு எழுதினேன். அந்த மூவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. காலையிலும் மாலையிலும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற கணக்கு மட்டும். இரக்கத்தை நம்பாததால் அப்படி எழுதினேனா, அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததை மறைப்பதற்கா, கையெழுத்துப் போடும்போதும் தெரியவில்லை. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.